கயிறில்லாத பரம்பு

சிவரஞ்சனியின் வலது கைக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. கடலில், அலைமேல், பலகையில் எழுந்து நின்ற அடுத்த நொடி அது தானாக முன்னால் நீளும். அங்கே இல்லாத ஒரு கயிற்றைத் தேடும். கயிறு கிடைக்காது. கிடைக்கவில்லை என்று தெரிந்ததும் உடம்பு பின்னால் சாயும். அப்புறம் கொஞ்ச நேரம் வானம் தெரியும். அதற்கப்புறம் உப்புத் தண்ணீர் மூக்கு வழியாக ஏறி மூளையை விசாரித்துவிட்டு வரும்.

"ஏட்டி, யாருக்குக் கை குடுக்க? அங்க எவன் நிக்கான்?" என்று கேட்பான் இஞ்ஞாசி. அவனுக்கு முப்பது வயது. புன்னைமுனை என்கிற அந்தத் தெற்கத்திக் கடற்கரை ஊரில் மீன்பிடிக்கிற குடும்பத்தில் பிறந்து, மீனைப் பிடிக்காமல் பலகையைப் பிடித்துக்கொண்டவன். அங்கே இருக்கிற ஒரே சர்ஃபிங் பள்ளியில் அவன்தான் வாத்தியார்.

"கயிறுண்ணே."

"என்ன கயிறு?"

"பரம்புக் கயிறு."

பரம்பு என்றால் என்ன என்று ஒரு கடற்கரைக்காரனுக்கு விளக்கி முடிக்க அவளுக்கு ஒரு முழு டீ ஆயிற்று. உழுது தண்ணீர் கட்டிய வயலில், நாற்று நடுவதற்கு முன்னால் சேற்றை மட்டமாக்க இழுக்கிற நீளமான பலகை. முன்பு மாடு இழுத்தது, இப்போது டிராக்டர் இழுக்கிறது. பலகை சேற்றில் அமுங்க வேண்டுமானால் மேலே பாரம் வேண்டும். கல் வைக்கலாம். ஆனால் மூலை திரும்பும்போது கல் சாய்ந்து கொடுக்காது. அதனால் ஆள் ஏறி நிற்பார்கள். திருமழபாடியில், கொள்ளிடக் கரையை ஒட்டி, இளையபெருமாளின் வயலில் ஏழு வயதிலிருந்து அந்தப் பாரம் அவர் மகள் சிவரஞ்சனிதான். இரண்டு கால்களையும் அகட்டி வைத்து, முகத்தை நேராக முன்னால் வைத்து, பலகையில் கட்டிய கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்து நிற்க வேண்டும். கயிற்றை மட்டும் விடக் கூடாது. விட்டவர் விழுவார். விழுந்தவர் வயலில் இருக்கிற அத்தனை பேருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். அதே நாளில் திரும்பவும் விழுந்தால் போண்டாவும் சேரும். இந்தச் சட்டத்தை யார் போட்டது என்று ஊரில் யாருக்கும் தெரியாது. டீக்கடைக்காரர் யாராவது போட்டிருக்கலாம்.

"அப்ப நீ பலகையில நிக்கப் பொறந்தவ!" என்று சந்தோஷப்பட்டான் இஞ்ஞாசி.

அந்த சந்தோஷம் ஒரு வாரம் தாங்கியது. பலகையில் நிற்கப் பிறந்தவளுக்கு, பலகையில் நிற்பதில் கற்றுக்கொண்டது எல்லாமே தலைகீழாக இருந்தது. சர்ஃபிங்கில் பக்கவாட்டாக நிற்க வேண்டும். அவள் பஸ்ஸுக்கு நிற்பதுபோல் நேராக நின்றாள். முட்டியை மடக்க வேண்டும், அவள் விறைத்தாள். முன்காலில் பாரம் இருக்க வேண்டும். அவள் பின்னால் சாய்ந்தாள். நேற்றுவரை பலகையையே பார்க்காத பெங்களூர்ப் பெண்கள் இரண்டாம் நாளில் எழுந்து நின்றார்கள். பதினாறு வருட அனுபவசாலியான சிவரஞ்சனி மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

அவள் எப்படிக் கடலுக்கு வந்தாள் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். வீட்டிலேயே சொல்லாத விஷயம் அது.

சிவரஞ்சனியிடம் பிளாஸ்டிக் கவர் போட்ட ஒரு காகிதம் இருக்கிறது. முதல் பட்டதாரிச் சான்றிதழ். அதை வாங்கப் போனபோது கிராம நிர்வாக அலுவலர், "வூட்டுல அண்ணன், அக்கா, சித்தப்பா, பெரியப்பா யாராச்சும் காலேஜ் முடிச்சிருக்காங்களா?" என்று கேட்டார். "இல்லீங்க" என்றார் இளையபெருமாள், ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல. "அப்ப நீதாம்மா மொத ஆளு" என்று கையெழுத்துப் போட்டார் அலுவலர். முதல் ஆள் எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்று அந்தக் காகிதத்தில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. அவள் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தாள்.

அரியலூரில் பி.காம் படித்தாள். கல்லூரியில் ஒருமுறை புதைபடிவங்களைப் பார்க்க அழைத்துப்போனார்கள். இந்த ஊர் முழுக்கக் கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன்னால் கடலாக இருந்தது என்று கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த கல்நத்தையைக் காட்டிச் சொன்னார்கள். இப்போது யோசித்தால் எரிச்சலாக இருக்கிறது. வாசலிலேயே கடல் இருந்திருக்கிறது. அவள் கொஞ்சம் லேட்டாகப் பிறந்துவிட்டாள்.

பட்டம் வாங்கியதும் அரசுத் தேர்வு எழுதினாள். இரண்டு தடவை. ஒரு தடவை மூன்று மதிப்பெண்ணில் போனது. இன்னொரு தடவை எத்தனையில் போனது என்று பார்க்கிற தைரியம் வரவில்லை. அம்மா கொளஞ்சியம்மாள் வருடம் தவறாமல் திருமழபாடி நந்தி கல்யாணத்தில் அவளை முன்வரிசைக்குத் தள்ளிக்கொண்டு போவாள். அதைப் பார்க்கிறவர்களுக்குச் சீக்கிரம் கல்யாணம் ஆகும் என்று ஒரு நம்பிக்கை. நந்திக்கு வருடா வருடம் ஆகிறது. சிவரஞ்சனிக்கு ஒரு வேலைகூட ஆகவில்லை.

கடைசியில் போனில் ஒரு விளம்பரம் பார்த்தாள். கடற்கரை விடுதிக்கு வரவேற்பாளர் வேண்டும், சாப்பாடும் தங்குமிடமும் இலவசம். "ஹோட்டல் ஆபீஸ்ல கம்ப்யூட்டர் வேலைப்பா" என்று வீட்டில் சொன்னாள். அப்போது அது உண்மைதான்.

விடுதியையும் அதோடு சேர்ந்த சர்ஃபிங் பள்ளியையும் நடத்துகிறவர் பெயர் அரவிந்தன். சென்னையில் பெரிய கணினிக் கம்பெனியில் பத்து வருடம் வேலை பார்த்து, ஒருநாள் தன்னைத் தானே தேட வேண்டும் என்று தோன்றி எல்லாவற்றையும் விட்டுவிட்டு இங்கே வந்தவர். இதைக் கேட்ட அன்று சிவரஞ்சனிக்குத் தூக்கம் வரவில்லை. அவர் தூக்கிப் போட்ட வேலையைத்தான் அவள் மூன்று வருடமாகத் தேடிக்கொண்டிருந்தாள். அவர் எங்கே போட்டார் என்று கேட்டால் போய் எடுத்துக்கொள்ளலாம்போல இருந்தது.

புன்னைமுனையில் கூட்டம் வராது. கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு ஒரு பாறைமுனை, அதன்மேல் பழைய வெளிச்சவீடு, இந்தப் பக்கம் பத்துப் படகு, அவ்வளவுதான். ஆனால் அலை மட்டும் விசேஷமானது. மற்ற இடங்களில் அலை மொத்தமாக எழுந்து மொத்தமாக விழும். இங்கே அது முனையில் முட்டி, அங்கே உடையத் தொடங்கி, பழைய வேட்டியை ஒரு ஓரத்தில் கிழித்தால் கிழிந்துகொண்டே போவதுபோல, கரையை ஒட்டி ஒரே சீராக உடைந்துகொண்டே வரும். ஏறி நின்றவர்கள் அந்தக் கிழிசலுக்கு முன்னாலேயே பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு நீளமாக வரலாம். நேராகக் கரையைப் பார்த்து வந்தால் பாறை. பரம்பு ஓட்டுகிற மாதிரி நேராக நின்றால் நேராகத்தான் போகும். நேராகப் போனால் இஞ்ஞாசி தலையில் கைவைத்துக்கொண்டு கரையில் ஓடுவான்.

ஆள் வராத விடுதியில் வரவேற்பாளருக்கு யாரை வரவேற்பது? சும்மா உட்கார்ந்திருந்தவளை, "நீச்சல் தெரியுமாட்டி?" என்று இஞ்ஞாசி கேட்டான். கொள்ளிடத்தில் தண்ணீர் வரும் மாதங்களில் கற்றது. நன்றாகவே தெரியும். அப்படித்தான் இறங்கினாள். எட்டு மாதம் ஆயிற்று. குழந்தைகளுக்கு முழங்கால் தண்ணீரில் சொல்லிக்கொடுக்கிற அளவுக்கு வந்துவிட்டாள். தானே ஒரு பெரிய அலையில் ஒழுங்காக வருவதுதான் இன்னும் நடக்கவில்லை.

அரவிந்தன் சாருக்கு இதெல்லாம் கண்ணில் படவில்லை. அவள் பரம்பில் நிற்கிற பழைய படம் ஒன்றைக் கேட்டு வாங்கி, சர்ஃபிங் பலகையில் நிற்கிற படத்தோடு ஒட்டி, இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டார். கீழே, 'மண் கற்றுக்கொடுத்தது, கடல் ஏற்றுக்கொண்டது' என்று எழுதியிருந்தார். நாலாயிரம் பேருக்குப் பிடித்திருந்தது. இரண்டாவது படம் எடுத்த அடுத்த நொடி அவள் விழுந்தது யாருக்கும் தெரியாது. கடல் ஏற்றுக்கொள்ளவெல்லாம் இல்லை. துப்பிக்கொண்டிருந்தது.

ஆவணி மாதத்தில் அதே அரவிந்தன் சார், முகத்தைப் பார்க்காமல் ஒரு விஷயம் சொன்னார். இனிமேல் அறைப் பதிவெல்லாம் போனிலேயே நடக்கும், வரவேற்பாளர் தேவைப்படாது. ஆனால் பயிற்சியாளர் ஒருவர் தேவை. புரட்டாசியில் சென்னையிலிருந்து பரிசோதகர் வருகிறார். நீச்சல், ஆளை மீட்பது, அதற்கப்புறம் மூன்று வாய்ப்பு. மூன்றில் ஒன்றிலாவது முனையிலிருந்து எழுந்து நின்று, கரையில் சிலுவை நட்ட சின்னக் கோயிலான குருசடிக்கு எதிரே இருக்கிற பாறையைத் தாண்டி, விழாமல் வர வேண்டும். வந்தால் வேலை.

"வரலன்னா சார்?"

"வருவ. உனக்கு ரத்தத்துலேயே இருக்கு."

ரத்தத்தில் இருப்பதுதான் பிரச்சினை என்று அவரிடம் யார் சொல்வது?

அன்று சாயங்காலமே அம்மா போன் பண்ணினாள். "நல்லதம்பி மாமா சிமெண்டு பேக்டரியில வேலை சொல்லியிருக்கு. சுண்ணாம்புக்கல்லு லாரி எடைபோடுற எடத்துல, உள்ள உக்காந்து பில்லு போடணும். ஃபேனு இருக்காம். அடுத்த மாசம் மூணாந்தேதி திங்கக்கிழம சேரணும். அப்பா சரின்னுட்டாரு."

பரிசோதகர் வருவது இரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.

நடவுக்கு ஆள் இல்லை, நாலு நாள் வந்துவிட்டுப் போ என்று அப்பாவும் கூப்பிட்டார். விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனாள். எப்படியாவது அப்பாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸில் மூன்று விதமாகப் பேசிப் பார்த்தாள். மூன்றிலும் அப்பா கடைசியில் அழுதார். நிஜத்தில் அவர் அழுகிற ஆள் இல்லை என்பதுதான் கொஞ்சம் ஆறுதல்.

மறுநாள் காலையில் வயலில் இறங்கினாள். சுடிதாருக்கு மேலே அப்பாவின் பழைய சட்டை. அம்மா எண்ணெய் தடவி இறுக்கிப் பின்னிய ஜடை இடுப்புவரை தொங்கியது. அந்த ஜடையை வெட்டிவிடு என்று இஞ்ஞாசி எத்தனையோ தடவை சொல்லிவிட்டான். முடியை வெட்டினால் வீட்டுப் பக்கம் வராதே என்று அம்மா ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். கடலில் அவள் அதைச் சுருட்டிக் கொண்டையாகப் போட்டுக்கொள்வாள்.

டிராக்டரில் வைரக்கண்ணு உட்கார்ந்திருந்தார். அப்பாவுக்குத் தம்பி முறை. ஊரில் யார் வீட்டு விஷயமும் அவர் வாய் வழியாகத்தான் வெளியே போகும். டிராக்டர் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, என்ஜின் ஓடாதபோதும் அப்படியே பேசுவார்.

சிவரஞ்சனி பரம்பில் ஏறினாள். இடதுகாலை முன்னால், வலதுகாலைப் பின்னால். பக்கவாட்டாக. முட்டியை மடக்கினாள்.

"என்னா புள்ள, வரப்பப் பாத்துகிட்டு நிக்கிற? டிராக்டரு இந்தப் பக்கம் இருக்கு."

"நீங்க ஓட்டுங்க சித்தப்பா."

"கயித்தப் புடி."

"வேணாம்."

"கயிறு வேணாமா?" வைரக்கண்ணு பக்கத்து வயலைப் பார்த்துக் கத்தினார். அங்கே கொளஞ்சியம்மாளும் ஆறேழு பெண்களும் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். "அண்ணி! ஒங்க பொண்ணு பட்டம் வாங்குனாலும் வாங்குச்சு, கயிறு வேணாங்குது!"

டிராக்டர் உறுமியது. பலகை துள்ளியது. வலது கை முன்னால் நீண்டது. கயிறு இல்லை. சிவரஞ்சனி சேற்றில் முழு நீளத்துக்குப் படுத்தாள்.

"டீ!" என்று ஏழு குரல் ஒன்றாக எழுந்தது.

எழுந்து நின்றாள். மறுபடி ஏறினாள். மறுபடி விழுந்தாள்.

"போண்டாவும் வந்துடுச்சுடியோவ்!" என்றாள் சம்பூர்ணம், நடவுக்காரப் பெண்களில் மூத்தவள். "நந்தி கல்யாணத்துல கூட இப்புடி வேடிக்க இல்ல. ஏ கொளஞ்சி, ஒம் பொண்ணுக்கு ஒடம்பு சரியில்லயா?"

"நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்தா," என்றாள் அம்மா, நாற்று முடியோடு நிமிர்ந்து.

ஆறாவது தடவை வயலில் பாதி தூரம் வந்தாள். எட்டாவது தடவை மூலை திரும்பும்போது விழுந்தாள். போண்டாவுக்கு மேலே சட்டத்தில் ஒன்றும் இல்லாததால் பெண்கள் தாங்களே சேர்க்கத் தொடங்கினார்கள். ஒருத்தி வடை என்றாள், ஒருத்தி பஜ்ஜி என்றாள், சம்பூர்ணம் பிரியாணி வரைக்கும் போனாள். சேறு காதுக்குள் இருந்ததால் சிவரஞ்சனிக்குப் பாதிதான் கேட்டது. பதினோராவது தடவை ஒரு முழுச் சுற்று வந்துவிட்டாள். பக்கவாட்டாக, முட்டி மடங்கி, கயிறில்லாமல். ஆனால் வலது கை மட்டும் முன்னால் நீட்டியபடியே இருந்தது, கடைசிப் பஸ்ஸை நிறுத்துகிறவள்போல.

என்ஜின் நின்றது. வரப்பில் மண்வெட்டியோடு அப்பா நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"ரஞ்சனி. இத யாருகிட்ட கத்துகிட்ட?"

பஸ்ஸில் தயார்பண்ணிய மூன்றில் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. சேற்றில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். விடுதி, இஞ்ஞாசி, அலை, எட்டு மாதம், ஞாயிற்றுக்கிழமைப் பரீட்சை. ஹோட்டல் ஆபீஸில் கம்ப்யூட்டர் இருக்கிறது, ஆனால் அதன் முன்னால் தான் உட்காருவதில்லை என்பதையும்.

கொக்கு ஒன்று மட்டமாக்கிய சேற்றில் இறங்கி நடந்தது.

"கடல்லயா?" என்றார் அப்பா.

"ஆமாப்பா."

"எவன் இழுப்பான்?"

"யாரும் இழுக்க மாட்டாங்கப்பா. பின்னாலேருந்து அலை தள்ளும்."

"பின்னாலேருந்து தள்ளுதா?" வைரக்கண்ணு டிராக்டரில் இருந்து குனிந்தார். "அப்ப என்னாத்துக்கு முன்னால கைய நீட்டுற? பிச்ச கேக்குற மாரி இருக்கு புள்ள."

அது அவளுக்குத் தெரியும். கைக்குத்தான் தெரியவில்லை.

அம்மா வரப்பு ஏறி வந்தாள். புடவை முழங்காலுக்கு மேலே செருகியிருந்தது. "தண்ணியில நிக்கிறதுக்கா பி.காம் படிச்ச? நாங்கள்ளாம் படிக்காமயே விடிஞ்சதுலேருந்து தண்ணியிலதான நிக்கிறோம்!"

பெண்கள் சிரித்தார்கள். சிவரஞ்சனிக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அந்தக் கேள்வி பிறகு பல நாள் கூடவே வந்தது. அம்மா கேட்டதில் தப்பில்லை. தான் தேடுவது வேலையையா, வேலை என்று வீட்டில் சொல்லிக்கொள்ளக் கூடிய ஒன்றையா என்று அவளுக்கே தெளிவாகத் தெரியவில்லை. கடலில் காலையில் இறங்கும்போது அந்தக் கேள்வி வருவதில்லை என்பது மட்டும் தெரியும். எடைமேடையில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தால் தினமும் வரும்.

"நல்லதம்பிகிட்ட வாக்குக் குடுத்துட்டனே," என்றார் அப்பா.

"ஞாயித்துக்கெழம பாசாகலன்னா அன்னைக்கே பஸ் ஏறிடுறேன்பா. திங்கக்கெழம காலையில எடைமேடையில இருப்பேன். அதுக்கப்புறம் கடல்னு வாயத் தொறக்க மாட்டேன்."

"பாசாயிட்டா?"

"அங்கயே இருப்பேன்."

"சத்தியமா?"

"சத்தியமாப்பா."

"தண்ணியில நின்னுகிட்டு சத்தியம் பண்ணாத. மேல ஏறி வா."

ஏறினாள். வரப்பில் நின்று இன்னொரு தடவை சத்தியம் பண்ணினாள். டீயும் போண்டாவும் வாங்க அவளே சைக்கிளில் போனாள். டீக்கடைக்காரர் அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் தூக்குவாளியை நிரப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை புன்னைமுனைக் கடல், யாருக்கும் பரீட்சை வைக்கிற எண்ணமே இல்லாமல் படுத்துக் கிடந்தது. பரிசோதகர் வெள்ளைத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, அட்டையில் சொருகிய காகிதத்தோடு பாறைமேல் நின்றார். பேசுகிற வகை இல்லை. குருசடியில் பூசை முடிந்து வந்த நாலைந்து பேரும், வலை காயப்போட்டவர்களும் கரையில் உட்கார்ந்துவிட்டார்கள். அரவிந்தன் சார் போனை நீட்டிப் படம் எடுக்கத் தயாராக இருந்தார்.

நீச்சல் முடிந்தது. மூழ்குகிறவனாக நடித்த இஞ்ஞாசியை இழுத்து வந்தாள். அவன் தேவைக்கு அதிகமாக நடித்ததில் கொண்டை அவிழ்ந்து ஜடை முதுகில் விழுந்தது. திரும்பக் கட்ட நேரமில்லை. முனைக்கு அப்பால் ஒரு கோடு தடித்துக்கொண்டு வந்தது.

"ஏட்டி, போ, போ!" என்றான் இஞ்ஞாசி.

முதல் அலை. துடுப்புப்போலக் கைபோட்டாள், பலகை கிளம்பியது, எழுந்தாள். கால் சரியாக விழுந்தது. சேற்றில் விழுந்த பத்துத் தடவையும் வீண்போகவில்லை. கை நீண்டது. வானம் தெரிந்தது.

பரிசோதகர் காகிதத்தில் ஏதோ எழுதினார்.

இரண்டாவது அலை. கையை இடுப்பில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று எழும்போதே சொல்லிக்கொண்டாள். வைத்தாள். நடுவில் அலை லேசாகத் தூக்கியது, கை இடுப்பை விட்டுவிட்டுக் கயிறு தேடப் போனது. வானம்.

இஞ்ஞாசி பக்கத்தில் நீந்தி வந்தான். "மக்கா, ஒண்ணும் யோசிக்காத" என்றான். அதைவிட மோசமான அறிவுரை கிடையாது. அவள் உடனே எல்லாவற்றையும் யோசித்தாள். எடைமேடையை யோசித்தாள். லாரி ஏறும், எண் ஓடும், பில் வரும், லாரி இறங்கும். திங்கட்கிழமைக்குப் போட்டுக்கொள்ள நல்ல சுடிதார் ஊரில் இருக்கிறதா, இங்கே இருக்கிறதா என்றுகூட யோசித்தாள். நாளைக்கு இந்நேரம் இந்தக் கடல் இங்கேயே இருக்கும், தான் இருக்கப்போவதில்லை என்று நினைத்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் உப்புத் தண்ணீர் என்று சொல்லிக்கொண்டாள்.

மூன்றாவது அலை பெரிதில்லை. ஆனால் சுத்தமாக இருந்தது. முனையில் முட்டி அங்கேயே கிழியத் தொடங்கியது. அவள் கைபோட்டாள். பலகை வழுக்கியது. எழுந்தாள். இடதுகால் முன்னால், வலதுகால் பின்னால், முட்டி மடங்கி, முகம் அலை போகிற திசையில். நல்லது. இனி கை.

கை கிளம்பியது.

அது முன்னால் போய்க்கொண்டிருந்தபோது, காற்றில் பறந்த ஜடை தோளைத் தாண்டி வந்து அதன்மேலேயே விழுந்தது. கை கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. ஈரமாக, முறுக்காக, கனமாக, கயிறு எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே இருந்தது. எட்டு மாதமாகத் தேடியது கிடைத்துவிட்ட நிம்மதியில் கை அமைதியாகிவிட்டது. மற்றதையெல்லாம் கால்கள் பார்த்துக்கொண்டன. சிவரஞ்சனி தன் ஜடையைத் தானே மார்போடு இழுத்துப் பிடித்தபடி, கிழிந்துகொண்டே வந்த வெள்ளை நுரைக்கு ஒரு முழம் முன்னாலேயே, வெளிச்சவீட்டைத் தாண்டி, படகுகளைத் தாண்டி வந்தாள். பாதி வழியில் அவள் வாயிலிருந்து 'ஹை... ஹை...' என்று மாடு ஓட்டுகிற சத்தம் வந்ததாக இஞ்ஞாசி இன்றும் சொல்கிறான். அவள் மறுக்கிறாள். குருசடிப் பாறையைத் தாண்டி, அலை தானாகக் கரைந்து, முழங்கால் தண்ணீரில் பலகை நின்றபோதுதான் ஜடையை விட்டாள்.

பரிசோதகர் பாறையில் இருந்தபடியே கேட்டார். "அது என்ன பிடி?"

"ஜடை சார்."

"அது தெரியுது. ஏன்?"

"கைக்கு ஏதாச்சும் வேணும் சார்."

அவர் கொஞ்ச நேரம் காகிதத்தையே பார்த்தார். "விழாமல் வரணும்னுதான் போட்டிருக்கு. எதையும் பிடிக்கக் கூடாதுன்னு போடலை," என்றார் தனக்குத்தானே. பிறகு எழுதினார். அப்புறம் அதை இஞ்ஞாசி எட்டிப் பார்த்தான். 'தேர்ச்சி. நிற்கும் அழகு: மிக மோசம்' என்று இருந்தது.

அரவிந்தன் சார் ஓடிவந்தார். "சூப்பர் சிவரஞ்சனி! பரம்பு உனக்கு எப்படியெல்லாம் உதவுச்சுன்னு ரெண்டு வரி சொல்லு, வீடியோவுல போடணும்."

"உதவலீங்க சார். அதுதான் எட்டு மாசமா கவுத்துகிட்டிருந்துச்சு."

"ஐயோ, அத எப்படிப் போடுறது?" என்று அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார்.

துண்டைப் போர்த்திக்கொண்டு அப்பாவுக்குப் போன் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார். கையிலேயே வைத்திருந்திருக்க வேண்டும்.

"ஊத்திகிச்சா?"

"இல்லப்பா. பாஸு."

அந்தப் பக்கம் பின்னால் அம்மா, "என்னாங்குறா? என்னாங்குறா?" என்று கேட்பது கேட்டது.

"அப்ப நல்லதம்பிகிட்ட யாரு சொல்றது?" என்றார் அப்பா கடைசியில்.

"நானே சொல்றேன்பா."

"நீ சொன்னா திட்டுவான். நானே சொல்லிக்கிறேன்." கொஞ்சம் நிறுத்தி, "எத்தினி தடவ விழுந்த?" என்றார்.

"ரெண்டுப்பா."

"அப்ப டீயும் போண்டாவுமா? வாங்கிக் குடுத்துட்டியா?"

"இங்க யாருக்கும் தெரியாதுப்பா அது."

"தெரியாட்டி என்னா? விழுந்தவ நீதான?" என்று வைத்துவிட்டார்.

சிவரஞ்சனி கரையில் எத்தனை பேர் என்று பார்த்தாள். பூசை முடிந்து வந்தவர்கள், வலைக்காரர்கள், இஞ்ஞாசி, அரவிந்தன் சார். பன்னிரண்டு பேர் இருந்தார்கள். பரிசோதகரோடு பதின்மூன்று. அவர் பாறையிலிருந்து அட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தார். பாசி படிந்த இடத்தில் கால் வைத்தார். கடல் பக்கம் ஒரு கை நீண்டது, பிடிக்க ஒன்றும் இல்லை, வெள்ளைத் தொப்பி தனியாகப் பறந்தது. இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்தபடி காகிதத்தை மட்டும் நனையாமல் மேலே தூக்கிப் பிடித்திருந்தார்.

யாரும் சிரிக்கத் துணியவில்லை. சிவரஞ்சனி போய்க் கைகொடுத்துத் தூக்கிவிட்டாள்.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க. எங்க ஊர்ல ஒரு சட்டம் இருக்கு," என்று தொடங்கி முழுவதும் சொன்னாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். பேசுகிற வகை இல்லாதவர், சட்டம் என்றதும் பேசினார்.

"நான் ஒரு தடவைதானே விழுந்தேன்?"

"ஒரு தடவன்னா டீ மட்டும் சார்."

"அப்ப போண்டா உன்னுது," என்று சொல்லிவிட்டு, சொட்டச் சொட்ட டீக்கடையைப் பார்த்து முன்னால் நடந்தார்.